சறுக்காதவர்களின் மெனா

ரோட்டன்கார் என்ற எங்கள் மலையூரில் குழந்தைக்குப் பல் முளைத்ததும் காலில் ஸ்கீ மாட்டிவிடுவார்கள். அந்தப் பல் விழும் வயதில் பந்தயத்துக்கு அனுப்புவார்கள். பல் தானாக விழுந்ததா, பந்தயத்தில் விழுந்ததா என்று டிரோல் மலைக்காரர்கள் நாங்கள் நுணுக்கி விசாரிப்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அறுபத்தொரு வயது வரை இங்கேயே குடியிருந்து, ஸ்கீயைத் தொடாமல் காலம் தள்ளிய ஒரே ஜீவன் ஃபிலோமெனா ரிம்ல். ஊருக்கு மெனா.

தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. பதினோரு வயதில் பள்ளிக்கூடப் பந்தயத்தில் மேலிருந்து கிளம்பினாள். மூன்றாவது கொடிக்கம்பத்தருகே நின்று, ஸ்கீ இரண்டையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கிவந்தாள். நாற்பத்தொரு நிமிடம் ஆனது. அதற்குள் நேரம் குறிப்பவர் சாப்பிடப் போய்விட்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று வாத்தியார் கேட்டதற்கு, "சறுக்கினா மூஞ்சில காத்து அடிக்குது, நடந்தா அடிக்கல" என்றாளாம். இதைவிடத் தெளிவான காரணத்தை எங்கள் ஊரில் யாரும் எதற்கும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குக் கிறுக்கு என்றுதான் முடிவானது.

பிறகு ஒரு காலம் வந்தது. இங்கே விடுமுறைக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சறுக்கத் தெரியாது என்பதைச் சுற்றுலா அலுவலகம் கண்டுபிடித்தது. முட்டி மாற்றிக்கொண்ட கணவன்மார், காதலுக்காக வந்து மாட்டிக்கொண்ட பெண்கள், மருமகளுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளக் கூட்டிவரப்பட்ட மாமியார்கள். காலை ஒன்பது மணிக்குக் குடும்பம் மலைக்குப் போய்விடும். இவர்கள் ஓட்டல் கூடத்தில் உட்கார்ந்து, வரவேற்பறைப் பெண்ணிடம் தங்கள் ஆபரேஷன் கதையைச் சொல்வார்கள். வரவேற்பறைப் பெண்கள் வேலையை விட்டு ஓட ஆரம்பித்தார்கள். இவர்களை யாராவது வெளியே இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்றபோது எல்லோருக்கும் ஒரே பெயர்தான் ஞாபகம் வந்தது. சறுக்காதவர்களுக்கு ஒரு கிறுக்கி.

பத்தொன்பது வருடமாக அவள் அந்த வேலையில் இருக்கிறாள். உறைந்த குளத்தில் பிடிவைத்த கனமான வட்டக் கட்டையைத் தள்ளி விளையாட வைப்பாள். பாலாடைக்கட்டிக் கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் மணக்க மணக்க நிறுத்திவைப்பாள். குதிரை இழுக்கும் வண்டியில் கம்பளி போர்த்தி ஏற்றுவாள். ஸ்லெட்ஜில் உட்காரவைத்து, காலை எங்கே ஊன்றினால் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்துத் தள்ளிவிடுவாள். புதன்கிழமை மட்டும் கேபிள் காரில் மேலே கூட்டிப்போய், பைன் காட்டு நடைபாதையில் நடத்தி, மலைக்குடிலில் ரொட்டி உருண்டை போட்ட சூப் குடிக்கவைத்து, நான்கு மணிக்கு முன் கீழே கொண்டுவந்து சேர்ப்பாள்.

சேர்ப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. தலைகளை எண்ண மாட்டாள். தலைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒன்று கழிப்பறைக்குப் போகும், ஒன்று கடைக்குள் நுழையும், ஒன்று போட்டோ எடுக்கிறேன் என்று மரத்துக்குப் பின்னால் போகும். ஆகவே ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் கொடுப்பாள். கைப்பிடியில் அவளே சுற்றிய சிவப்புக் கம்பளி நூல் இருக்கும். கீழே நிலையத்துக்கு வந்ததும் எல்லோரும் கோலை ஒரு பீப்பாயில் போட்டுவிட்டுப் போகலாம். கோல் சரி என்றால் ஆள் சரி. பத்தொன்பது வருடத்தில் இது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

சென்ற ஜனவரியில் பிசகியது.

அந்தப் புதன்கிழமை பதினோரு பேர். அதில் ஹார்ட்விக் டீக்மன் என்று ஒருவர். வட ஜெர்மனிக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், வலது முட்டி உலோகம். மனைவி கெஸினே அறுபத்துநாலு வயதிலும் கறுப்புப் பலகை போட்ட செங்குத்துச் சரிவில் இறங்குகிறவர். டீக்மன் ஒன்பது வருடமாக ஓட்டல் கூடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு இந்த வருடம்தான் மெனாவிடம் வந்தார். வரும்போதே நடைபாதையின் விதிமுறை அச்சிட்ட தாள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே எங்கள் பக்கம் யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை. மந்திரி வந்தாலும் நீதான். கேபிள் காரில் ஏறியதும் மெனா வழக்கம்போல அதைச் சொன்னாள்.

"இனிமே எல்லாரும் நீ, வா, போதான். நான் மெனா. நீ?"

"டீக்மன்" என்றார் அவர். "எனக்கு நீங்கன்னே கூப்பிட்டா போதும். உயரம் ஏறினா மரியாதை குறையணும்னு எனக்குத் தெரியல."

"சரிங்க" என்றாள் மெனா. மற்ற பத்துப் பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

வழியிலும் அவர் சும்மா வரவில்லை. மரைக்கே என்ற ஹாலந்துக்காரி ஒரு அணிலைப் பார்க்கப் பாதையை விட்டு இரண்டடி தள்ளினாள். "இங்க குறிச்ச பாதையில மட்டும்னு போட்டிருக்கு" என்றார். சரிவைக் குறுக்காகத் தாண்டும் இடத்தில், "விரைந்து கடக்கவும்" என்று பலகை இருந்தது. உலோக முட்டியோடு விரைந்து கடந்தார். குடிலில் சூப்புக்குப் பிறகு, எல்லோரும் மேஜையில் விட்டுவைத்த காகிதக் கைக்குட்டைகளைச் சேகரித்து, எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று பார்த்துப் பார்த்துப் போட்டார்.

மூன்று முப்பத்தைந்துக்கு மேல்நிலையத்தின் வாசலில் வந்து நின்றபோது கையுறையைக் குடிலில் விட்டுவிட்டது அவருக்குத் தெரிந்தது. மனைவி கிறிஸ்துமஸுக்கு வாங்கிக்கொடுத்த தோல் கையுறை.

"இத கொஞ்சம் பிடிங்க" என்று தன் ஊன்றுகோல் இரண்டையும் மரைக்கேயிடம் கொடுத்தார். "குடில் பக்கத்துலதான. கடைசி வண்டி நாலு மணிக்கு. வந்துருவேன்."

மரைக்கே தலையாட்டினாள். மெனா அப்போது நிலையத்துக்கு உள்ளே, ஒரு பாட்டியம்மாளின் காலணிக்கு அடியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் பெட்டியில் எட்டுப் பேர் ஏறினார்கள் என்று அவள் நினைத்தாள், உண்மையில் ஏழு பேர்தான். கடைசி மூவரோடு அடுத்த பெட்டியில் தானும் ஏறினாள். கீழே வந்ததும் பீப்பாயை எண்ணினாள். இருபத்திரண்டு கோல். தன் ஜாக்கெட்டின் பித்தானைக் கழற்றிவிட்டு ஒரு காப்பி போட்டுக்கொண்டாள்.

நான்கு இருபத்தைந்துக்கு கெஸினே டீக்மன் ஸ்கீ பூட்ஸுடன் அலுவலகத்துக்குள் வந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது. சரிவோரத்து மதுக்கடையில் இருந்து நேராக வந்திருக்கிறார் என்பது தெரிந்தது.

"என் வீட்டுக்காரர் எங்கம்மா?"

"அவர் அப்பவே இறங்கிட்டாரே."

"ஓட்டலுக்குப் போன் பண்ணேன், அங்க இல்ல. நாலு மணிக்கு இங்கதான் நிக்கிறேன்னு சொன்னாரு. அவரு நாலுன்னா நாலு."

"போன் பண்ணீங்களா?"

கெஸினே தன் முதுகுப்பையைத் தட்டிக் காட்டினார். "அவரு போன் இதுலதான். குளிர்ல பாட்டரி கெட்டுரும்னு எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு."

மெனாவுக்கு அப்போதும் பயம் வரவில்லை. இருபத்திரண்டு கோல் இருக்கிறதே. சறுக்காதவர்கள் தொலைந்துபோகிற இடங்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நீச்சல்குளத்துக்கு போன் செய்தாள், இல்லை. குதிரைக்கொட்டிலுக்குச் செய்தாள், அங்கே கேரட் கொடுத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. கட்டை தள்ளும் குளத்தில் இரண்டு பையன்கள் மட்டும். தேவாலயத்தில் பாதிரியார், "இங்க ஜெர்மன்காரங்க ஜனவரியில வர்றதில்லையே மெனா" என்றார். கடைசியில் எதிரிலிருந்த கேக் கடைக்கு இருவரும் போனார்கள். வழுக்கும் தெருவில் கெஸினே ஸ்கீ பூட்ஸில் டக் டக் என்று பின்தங்கி வந்தார்.

கேக் கடையில் மரைக்கே பாப்பி விதைக் கேக்கைப் பாதி முடித்திருந்தாள்.

"டீக்மன பாத்தியா?"

"அந்த வாத்தியாரா? கையுறை எடுக்கப் போனாரே. கோல எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. நான் பீப்பாயில போட்டேனே."

மெனா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா மெனா? சொல்லிட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சேன்."

"இல்ல. நீ தின்னு" என்றாள் மெனா. வெளியே வந்து கேபிள் கார் நிலையத்தை நோக்கி ஓடினாள். அறுபத்தொரு வயதில் அவள் ஓடியதை அன்றுதான் ஊர் பார்த்தது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் கேபிள் காரில் ஏறுகிறவர்களை வாசலில் இருக்கிற சுழல்கம்பி ஒவ்வொருவராக எண்ணும். இறங்குகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. எதற்கு எண்ண வேண்டும்? ஏறுகிறவன் சறுக்கிக்கொண்டு தானே வந்துவிடுவான். மாலையில் மீட்புக்காரர்கள் ஸ்கீயில் ஒவ்வொரு சரிவாகக் கடைசியாக இறங்கி, விழுந்துகிடப்பவன் யாருமில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். நடைபாதையை யாரும் பார்ப்பதில்லை. ஒருவன் மேலே போய் அங்கேயே நின்றுவிடுவான் என்கிற எண்ணம் சறுக்கத் தெரிந்த மண்டைக்குள் நுழையாது.

கட்டுப்பாட்டு அறையில் அல்புவின் க்லோட்ஸ் இருந்தான். நிலைய மேலாளர். மெனாவின் சித்தப்பா மகன், அவளைவிடப் பத்து வயது சின்னவன். சுவரில் ஏழு சரிவுகளின் வரைபடம். சீராக்கும் வேலை நடக்கும் நான்கு சரிவுகளில் சிவப்பு விளக்கு எரிந்தது. சரிவைச் சீராக்கும் சங்கிலிச் சக்கர வண்டியைக் கம்பளிப்புழு என்போம். செங்குத்தான சரிவில் அது தானாக ஏறாது; மேலே ஒரு கொக்கியில் இரும்புக் கயிற்றை மாட்டி, அதைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு ஏறும். ஆயிரம் மீட்டர் கயிறு. சில சமயம் பனிக்குள் புதைந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. வண்டி இழுத்ததும் இடுப்புயரத்துக்கு எழும்பி பக்கவாட்டில் வீசும். அதன் வழியில் மரக்கிளை இருந்தாலும் ஒன்றுதான், மனிதன் இருந்தாலும் ஒன்றுதான்.

"அல்புவின், கயித்த நிறுத்து. மேல ஒரு ஆள் இருக்கான்."

"மேல யாருமில்லக்கா. கையெழுத்து ஆயாச்சு."

"என் ஆளு. குடிலுக்குத் திரும்பிப் போயிருக்கான்."

"குடிலுக்குப் போன் பண்ணிப் பாத்தியா?"

"வழியிலயே கேட்டுட்டேன். அவங்க மூணே முக்காலுக்கே பூட்டிட்டு ஸ்கீல இறங்கிட்டாங்க. இறங்குறப்ப யாரையும் பாக்கலயாம்."

"அப்பறம்? ஏதாவது பார்ல இருப்பான். போன வருஷம் ஒருத்தன நாலு மணி நேரம் தேடினோம், பொண்டாட்டிக்குத் தெரியாம பைத்தியக்காரன் மாதிரி சீட்டு விளையாடிட்டு இருந்தான்." அப்போதுதான் வாசலில் நின்ற கெஸினேயைப் பார்த்தான். "மன்னிச்சுக்கங்கம்மா."

"அவருக்குச் சீட்டு தெரியாது" என்றார் கெஸினே.

"நாளைக்குக் காலைல இங்க சின்னப் பசங்க பந்தயம் இருக்கு மெனாக்கா. நாலாவது சரிவு எட்டுக்குள்ள தயாராகணும். அரைமணி நேரம் நிறுத்தினா உறைஞ்சு கல்லாப் போயிரும்."

"கல்லா இருந்தா பசங்க விழுவாங்க. எந்திரிச்சிருவாங்க. அவன் எந்திரிக்க மாட்டான்."

அல்புவின் அவளைப் பார்த்தான். நாற்பது வருடமாகக் கிறுக்கி என்று தான் கூப்பிட்டவளின் உதடு வெளுத்திருந்தது. வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"எல்லா வண்டியும் நில்லுங்க. இருக்கிற இடத்துல அப்படியே. இருபது நிமிஷம்."

மூன்று ஆண் குரலும் ஒரு பெண் குரலும் சரி என்றன. பெண் குரல் நாலாவது சரிவில் இருந்த ஆஃப்ராவுடையது. மீட்புக்காரர்கள் இருவர் பனி ஸ்கூட்டரில் மேலே கிளம்பினார்கள். கயிறு கிடந்த மேல்பகுதிக்குள் போகாமல், நாலாவது சரிவை வண்டி நின்ற இடத்திலிருந்து கீழ்வரை விளக்கடித்துப் பார்த்தார்கள். நடந்து இறங்கிய தடம் இல்லை. ஸ்லெட்ஜ் பாதையைப் பார்த்தார்கள். அதிலும் இல்லை.

ஐந்து ஐந்து. வெளியே வெப்பமானி மைனஸ் பதினாலு காட்டியது. மலை முகடு மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது.

"தடமே இல்லன்னா அவன் மேல இருந்து நடந்து இறங்கல" என்றான் அல்புவின். "மேல இருந்து வர்றவனுக்கு வேற வழி எது? வெறும் ஆளு பாத்தான்னா, சீராக்கின சரிவு ரோடு மாதிரி தெரியும். எல்லாரும் அதுலதான் நடப்பாங்க. ரெண்டு பேர அப்படித்தான் பிடிச்சோம். அதுல தடம் இல்ல. அப்ப ஆளு கேபிள் கார்லயே வந்துட்டான், மேல இல்ல."

"இவன் அதுல நடக்க மாட்டான்."

"ஏன்?"

"நடக்கக்கூடாதுன்னு போர்டு இருக்கு."

அல்புவின் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"ஸ்லெட்ஜ் பாதையிலயும் வர மாட்டான். ஸ்லெட்ஜ் இல்லாம நுழையாதேன்னு போட்டிருக்கு." மெனா வரைபடத்தில் விரலை வைத்தாள். குடிலில் இருந்து மெதுவாக நகர்த்தினாள். "பாதையிலதான் வந்திருப்பான். குறிச்ச பாதை. பைன் காடு. இங்க." நாலாவது சரிவை நடைபாதை வெட்டுகிற இடத்தில் விரல் நின்றது. "வேலை ஆரம்பிச்சா இங்க என்ன வைப்பீங்க?"

"மஞ்சள் விளக்கு சுழலும். தடுப்பு நாடா. ஒரு போர்டு."

"போர்டுல என்ன இருக்கு?"

அல்புவின் உதட்டுக்குள் படித்தான். "நில். இரும்புக் கயிறு. உயிருக்கு ஆபத்து."

"எத்தனை மணிக்கு வச்சீங்க?"

"நாலு பத்து."

"அங்கதான் நிக்கிறான்" என்றாள் மெனா.

"ஒரு மணி நேரமாவா? யாருக்கா அப்படி நிப்பாங்க?"

வாசலில் கெஸினே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அவரு நிப்பாரு" என்றார். "எங்க ஊர்ல சிக்னல் ரிப்பேர் ஆச்சு. நாப்பது நிமிஷம் நின்னாரு. ரோட்டுல வண்டியே இல்ல."

மெனாவுக்காக ஒரே ஒரு பெட்டியை ஓட்டினார்கள். பனி ஸ்கூட்டர்கள் பள்ளத்தாக்கின் மறுபக்கம் போய்விட்டிருந்தன. திரும்பிவர இருபது நிமிடம் ஆகும். பெட்டி எட்டு நிமிடத்தில் மேலே போய்விடும், நிலையத்திலிருந்து பாதை சரிவை வெட்டும் அந்தக் குறுக்கு வரை எட்டு நிமிட நடை. அந்தப் பாதையை ஊரிலேயே அதிகம் நடந்தவள் அவள்தான்; எந்த வளைவில் வேர் தலைநீட்டும் என்பது அவள் காலுக்குத் தெரியும். கையில் வயர்லெஸ், நெற்றியில் விளக்கு, முதுகில் கம்பளியும் ஃபிளாஸ்க்கும்.

பெட்டிக்குள் தனியாக நின்றபடி அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மைனஸ் பதினாலு. அவர் காலில் இருந்தது நகரத்துக் காலணி, தோல் மெல்லிசு. காலையில் அதைப் பார்த்ததும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தாள், அப்போதுதான் அவர் மரியாதையைப் பற்றிப் பேசினார். சொல்லாமல் விட்டாள். வேண்டும் என்றுதான் விட்டாள். மத்தியானம் கொஞ்சம் கால் சில்லிட்டால் ஆள் விறைப்பிலிருந்து இறங்கிவருவார் என்று ஒரு சின்ன ஆசை. அதை அவள் பிறகு எல்லோரிடமும் ஒளிக்காமல் சொன்னாள்.

மேலே இறங்கி நடந்தாள். காடு கறுத்திருந்தது. பனி காலடியில் கண்ணாடி நொறுங்குவதுபோலச் சத்தம் போட்டது. குறுக்கை நெருங்கியபோது மரங்களுக்கு நடுவே மஞ்சள் வெளிச்சம் வந்துவந்து போனது.

சரிவின் மறுகரையில், பலகைக்குப் பக்கத்தில், அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் கக்கத்துக்குள். தோல் கையுறை போட்டிருந்தார். விளக்கு சுழலும்போது ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் இல்லாமலும் இருந்தார். தலை மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"டீக்மன்" என்று கூப்பிட்டாள்.

அவர் நிமிர்ந்தார். அவளுடைய நெற்றி விளக்கைப் பார்த்தார். ஒரு மணி நேரமாக எந்தப் பலகைக்குக் கட்டுப்பட்டு நின்றாரோ அந்தப் பலகைக்கு மேலான அதிகாரி வந்துவிட்டார் என்று நினைத்தார்போல. தடுப்பு நாடாவைத் தூக்கினார். சரிவுக்குள் ஒரு கால் வைத்தார்.

அதே நேரத்தில் கீழே வளைவுக்கு அப்பால் ஒரு எஞ்சின் உறுமியது.

ஆஃப்ரா நல்ல பெண். வயர்லெஸ்ஸில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கில் இருட்டாக இருக்குமே, மேலே ஏறிப் போய் வண்டியின் விளக்கைக் காட்டினால் மெனாக்காவுக்கு உதவுமே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கயிறு சுற்றும் சுருளைச் சுழலவிட்டாள்.

"நில்லு" என்றாள் மெனா. "அங்கயே நில்லு. கால எடு."

அவர் காது கேட்காதவர் மாதிரி இன்னொரு அடி வைத்தார்.

"நில்லுடா சொல்றேன். அசையாத."

அந்தச் சொல்லில் நின்றார். பாதி மடங்கிய நிலையில், உலோக முட்டி முன்னால் நீண்டிருக்க. மெனா வயர்லெஸ்ஸில், "ஆஃப்ரா, நிறுத்து, நிறுத்து" என்றாள். அதற்குள் பனிக்குள்ளிருந்து கயிறு எழுந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டாற்போல வெள்ளைத் தூள் பறந்தது. கயிறு இடமாக ஒரு தடவை, வலமாக ஒரு தடவை ஆடியது. அதற்குச் சத்தம் உண்டு. பெரிய துணியை யாரோ ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல. தடுப்பு நாடாவின் கம்பம் ஒன்று முறிந்து காற்றில் சுழன்று டீக்மனைத் தாண்டி விழுந்தது.

பிறகு எஞ்சின் நின்றது. கயிறு அவருக்கு மூன்றடி முன்னால் இடுப்புயரத்தில் நடுங்கிக்கொண்டே நின்றது.

"நிறுத்திட்டேன்க்கா." ஆஃப்ராவின் குரல் அழுகையாக இருந்தது. "யாராவது இருக்காங்களா? மெனாக்கா, சொல்லு."

"இருக்கான். கயித்தத் தளர்த்து. மெல்ல. பேசாத, மெல்ல."

கயிறு இறங்க நான்கு நிமிடம் பிடித்தது. நான்கு நிமிடமும் சரிவின் ஒரு கரையில் அவளும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவரும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மடக்கிய முட்டியை நிமிர்த்தவே இல்லை. தொடை நடுங்குவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

"விழுந்துருவேன் போல இருக்கு" என்றார்.

"விழாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும். என்னையே பாருங்க. உங்க ஊர் சிக்னல் ரிப்பேரானப்ப நாப்பது நிமிஷம் நின்னீங்களாமே."

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரி."

"முப்பத்தெட்டு" என்றார் டீக்மன்.

கயிறு பனியில் படுத்தது. "தரைல இருக்கு" என்றாள் ஆஃப்ரா. மெனா அதைத் தாண்டி ஓடி அவரைக் கக்கத்தில் பிடித்தாள். மரக்கட்டையைத் தூக்குவதுபோல் இருந்தது. இருவரும் கயிற்றைத் தாண்டி வந்து, பைன் மரத்தடியில்தான் நின்றார்கள். ஃபிளாஸ்க்கின் மூடியை அவரால் பிடிக்க முடியவில்லை. அவளே ஊட்டினாள். பாதி தேநீர் மோவாயில் வழிந்து உறைந்தது.

கேபிள் கார்ப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காலணியைக் கழற்றி, அவர் பாதங்களைத் தன் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். ஐஸ் கட்டியை விழுங்கியதுபோல இருந்தது அவளுக்கு. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மெழுகு மாதிரி இருந்தன.

"முட்டி வலியில மெதுவாத்தான் போக முடிஞ்சுது. குடில் பூட்டியிருந்தது" என்றார். பற்கள் அடித்துக்கொண்டதால் ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்தது. "கையுறை வெளியில பெஞ்சுலயே இருந்தது. திரும்பி வந்தப்ப விளக்கு சுத்துது. அவசரத்துக்கு இந்த நம்பர்னு போர்டுல இருக்கு. போன் இல்ல. கத்தினேன். அந்த வண்டி ரெண்டு தடவ ஏறி இறங்குச்சு. என் பக்கம் திரும்பல."

"உங்கள ஏன் தேடலன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். எத்தனை பேர் குறையுதுன்னு எண்ணியிருப்பீங்களே."

"எண்ணல" என்றாள் மெனா. "கோல எண்ணினேன். இருபத்திரண்டு இருந்துச்சு. காப்பி போட்டுக் குடிச்சேன்."

பெட்டி ஒரு தூணைத் தாண்டிக் குலுங்கியது. கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"காலைல உங்க காலணியப் பாத்தேன்" என்றாள். "சொல்லல."

"ஏன்?"

"உங்க மேல கோபம்."

"ம்" என்றார் டீக்மன். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கீழ்நிலையத்தின் கூடம் முப்பது மீட்டர் நீளம், வழவழப்பான ரப்பர் தரை. ஒரு கோடியில் பெட்டியின் கதவு திறந்தது. மறுகோடியில் கெஸினே நின்றிருந்தார். கணவரைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தார். ஸ்கீ பூட்ஸில் ஓட முடியாது, கணுக்கால் மடங்காது. அந்தச் செங்குத்துச் சரிவில் காற்றாக இறங்குகிற பெண், கதவைப் போல ஆடி ஆடி, டக், டக், டக் என்று வந்துகொண்டே இருந்தார். டீக்மனும் மெனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கம்பளி சுற்றிய காலை இழுத்து இழுத்து நடந்தார். இருவருக்கும் நடுவில் தூரம் குறைய வெகுநேரம் ஆனது. அல்புவின் உதவிக்கு எழுந்தவன், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

சேர்ந்ததும் கெஸினே அவருடைய மார்பில் கைமுட்டியால் இரண்டு குத்துக் குத்தினார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, தன் பூட்ஸைக் கழற்றி, தன் கனத்த காலுறைகளை உருவி அவர் காலில் மாட்டினார். டாக்டர் வரும் வரை மாட்டக்கூடாது என்று மெனா சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவளும் உட்கார்ந்து, காலுறையைத் தளர்வாக விடச் சொல்லிக்கொடுத்தாள்.

"தப்பு என்னுதும்மா" என்றாள்.

"தெரியும்" என்றார் கெஸினே. நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் நாலேகால் வரைக்கும் ரெண்டாவது கிளாஸ் குடிச்சிட்டு இருந்தேன்."

சுவரில் தொங்கிய வயர்லெஸ் கரகரத்தது. ஆஃப்ரா மேலிருந்து கேட்டாள், கயிற்றை ஓட்டலாமா என்று. அல்புவின் வயர்லெஸ்ஸை எடுத்தான். மெனாவிடம் நீட்டினான்.

"மேல யாருமில்ல" என்றாள் மெனா. சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினாள். பிறகு கேக் கடைக்கு ஆள் அனுப்பி மரைக்கேயைக் கூட்டிவரச் சொன்னாள். மற்ற ஒன்பது பேரின் ஓட்டல்களுக்கும் வரிசையாகப் போன் செய்தாள். ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்து பேசட்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்றாள். மேலே ஆஃப்ராவும் காத்திருந்தாள். ஆறு இருபத்திரண்டுக்குத்தான் கயிறு ஓடியது.